கூரையில்லாத மாளிகை

கூரை போய்விட்டது. ஜன்னல் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. சுவரை இறுகப் பிடித்திருப்பது மரத்தின் வேர். அந்தமானை ஆண்ட தலைமை ஆணையரின் மாளிகையில் இன்று எஞ்சியிருப்பது இவ்வளவுதான். சுற்றிலும் புள்ளிமான்கள் மேய்கின்றன.

2018-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ராஸ் தீவு, புரோத்ராபூர்வாசிகளுக்குத் தொலைவே இல்லை. நகருக்கு வந்து அபர்தீன் படகுத்துறையில் ஏறினால் சில நிமிடப் பயணம். ஆனால் வரலாறு நீளமானது.

1857 புரட்சியில் பிடிபட்டவர்களில் 200 பேருடன் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 1858 மார்ச் 10-ல் வந்து இறங்கினார். ராஸ் தீவின் காட்டை அழித்தவர்கள் கைதிகள்தான். பின்னர் அங்கே தேவாலயம், பேக்கரி, அச்சகம், டென்னிஸ் மைதானம், நடன அரங்கு எல்லாம் எழுந்தன. ஆங்கிலேய அதிகாரிகள் சொகுசாக வாழ்ந்தார்கள். எதிர்க்கரையில் 1896-ல் தொடங்கி 1906-ல் செல்லுலார் சிறை கட்டி முடிக்கப்பட்டது.

சொகுசு நிலைக்கவில்லை. 1941 ஜூன் 26 நிலநடுக்கம் தீவை உலுக்கியது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். அவர்களின் பதுங்குகுழிகள் இப்போதும் இருக்கின்றன. போருக்குப் பிறகு தலைநகர் அந்தஸ்து தீவுக்குத் திரும்பவே இல்லை. காடு மட்டும் திரும்பியது.

1979-ல் கடற்படை தீவின் பொறுப்பை ஏற்றது. பழைய படங்களும் பொருள்களும் கொண்ட 'ஸ்மிருதிகா' என்ற சிறு அருங்காட்சியகம் அங்கே உண்டு. சுவர்களைக் காப்பதுதான் தலைவலி. வேர் செங்கல்லைப் பிளக்கிறது. அதே வேர்தான் சுவர் சரியாமல் பிடித்தும் வைத்திருக்கிறது. வெட்டினால் சுவர் விழலாம், விட்டால் பிளவு பெருகும். பயணிகள் படமெடுக்க விரும்புவதும் இந்த வேர்களைத்தான்.

அழகில் மயங்கி, கட்டியவர்களை மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதற்கு மாற்று மருந்து எதிர்க்கரையில் இருக்கிறது. 1979-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் ஏழு பிரிவுகளில் மூன்று மட்டுமே மிஞ்சியுள்ளன. அங்கே கைதிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தனித்தனிக் கொட்டடிகளைப் பார்த்தால் மாளிகையின் விலை புரியும்.

மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர் பாதிக் கதையோடுதான் ஊர் போகிறார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நடுவில் இருப்பது ஒரு சிறு கடல்துண்டுதான்.