தோட்டமும் தோள்வலியும்

மலாக்காவில் 1896-இல் டான் சே யான் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். பாயா ரும்புட் முதலிய ஊர்களின் மூத்த பால்மரத் தொழிலாளர்களுக்கு முதுகுவலியும் தோள்வலியும் பழகிப்போனவை. மரத்தைச் சீவச் சீவ வெட்டு கீழே இறங்கும். வெட்டுபவரின் முதுகும் அதனுடன் வளையும். ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள்! பிறகு, காண்டா கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகள். சுமை முழுவதும் ஒரே தோளில்.

செம்பனையோ கழுத்தை வருத்தும். நீண்ட கம்பில் பொருத்திய அரிவாளை அண்ணாந்து பார்த்தபடி இழுக்க வேண்டும். விழும் குலை 20 கிலோவையும் எட்டும்.

இவ்வலி ஒரே நாளில் வருவதன்று. ஓய்வின்றி ஒரே அசைவைச் செய்யும் தசைநார்கள் மெல்ல நலிகின்றன. அதனால் ‘வயதாகிவிட்டது’ என்று தைலம் தேய்த்துக்கொள்வோரே மிகுதி. தொழிலால் வரும் நோய்க்கு 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இழப்பீடு உண்டு. ஆனால், வலி வேலையால் வந்தது என்பதற்கு மருத்துவ அறிக்கை வேண்டும். மருத்துவரையே பார்க்காதவரிடம் அது இருக்காது.