பழி தாய்ப்பாலுக்கு, காரணம் வேறு

மூன்று மாதக் கைக்குழந்தை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தாய்ப்பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடும், சீக்கிரம் பவுடர் பாலுக்கு மாற்றிவிடு என்கிறார்கள். உண்மையா?” உண்மையில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு விட்டுவிடக் கூடாத கேள்வி இது. பிள்ளை பெற்ற பிறகு பலருக்கு மார்பு தளர்வதைக் கண்ணால் பார்க்கிறோம். தளர்வது நிஜம். சொல்லப்படும் காரணம்தான் தப்பு.

மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்க அதற்குள் தசை கிடையாது. பால் சுரப்பிகள், நாளங்கள், சுற்றிலும் கொழுப்பு, இவற்றைத் தோலோடும் பின்னால் இருக்கும் தசையின் உறையோடும் பிணைக்கும் மெல்லிய நார்கள், அவ்வளவுதான். தாங்குவது அந்த நார்களும் தோலும். லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியிட்ட நூலில் இந்த நார்களை விவரித்தார். இன்றும் அவை ‘கூப்பர் நார்கள்’தான். வரலாறு இது போதும்.

கர்ப்பம் தரித்ததும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரான், புரோலாக்டின் மூன்றும் சேர்ந்து சுரப்பியை வளர்க்கத் தொடங்குகின்றன. நாளங்கள் கிளை விடுகின்றன, நுனிகளில் பால் சுரக்கும் குட்டிப் பைகள் முளைக்கின்றன, கனம் ஏறுகிறது, தோலும் நார்களும் இழுபடுகின்றன. குழந்தை முதல்முறை வாய் வைப்பதற்கு முன்பே இதில் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடுகிறது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தல் போட்டாயிற்று, கோட்டை அடுப்பு மூட்டியாயிற்று, சமையல்காரர்கள் வந்தாயிற்று. விருந்தாளிகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பந்தலைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். கால் நட்ட குழி வாசலில் இருக்கத்தான் செய்யும். பால் கொடுக்காத தாய்க்குப் பந்தல் உடனே பிரிகிறது, இரண்டு வருடம் கொடுத்தவருக்குப் பிறகு பிரிகிறது. குழி இருவருக்கும் உண்டு.

இந்தப் பிரிப்பு வேலைதான் உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம். எலிகளில் இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். குட்டிகளைப் பிரித்ததும் சுரந்த பால் உள்ளேயே தேங்குகிறது. அந்தத் தேக்கமே ‘வேலை முடிந்தது’ என்பதற்கான தகவல். ஆனால் சுமார் 48 மணி நேரம் வரை முடிவு உறுதியாவதில்லை. அதற்குள் குட்டிகளைத் திரும்ப விட்டால் பால் மறுபடி சுரக்கும். பந்தல்காரர் இரண்டு நாள் கயிற்றை முழுக்க அவிழ்க்காமல் காத்திருக்கிறார். கெடு தாண்டினால் நொதிகள் செல்களைத் தாங்கி நிற்கும் சாரத்தை வெட்டத் தொடங்கிவிடும். பால் செல்கள் தங்களுக்குள் எழுதப்பட்ட ஆணைப்படி கூட்டம் கூட்டமாக மடியும். உடலின் மற்ற இடங்களில் இப்படி மடிந்ததை அப்புறப்படுத்துவது பெரும்பாலும் வெள்ளணுக்களின் வேலை. இங்கே முதலில் அதைச் செய்வது பக்கத்தில் இருக்கும் பால் செல்களே. நேற்றுவரை பந்தி பரிமாறியவர்கள் இன்று எச்சில் இலை எடுக்கிறார்கள். பாலூட்டும் காலத்தில் இருப்பைக் கரைத்துக்கொண்டு சுருங்கிய கொழுப்புச் செல்கள் மறுபடி நிரம்பி, காலியான இடத்தைப் பிடிக்கின்றன. மனிதர்களில் இது எலியைவிட மெதுவாக நடக்கிறது. உள்ளே இருந்த பொருள் குறைந்துவிடுகிறது. இழுபட்ட தோலும் நாரும் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. தளர்ச்சி என்பது இதுதான்.

அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் பிரையன் ரிங்கரும் குழுவினரும், மார்பு அழகுச் சிகிச்சைக்கு வந்த தாய்மார்களிடம், பால் கொடுத்ததால் தளர்ச்சி வருகிறதா என்று சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். தளர்ச்சியோடு தொடர்புடையவையாகத் தெரிந்தவை வயது, உடல் எடைக் குறியீடு, கர்ப்பங்களின் எண்ணிக்கை, முதலிலேயே பெரிதாக இருந்த மார்பு, புகைப்பழக்கம். தாய்ப்பால் கொடுத்தது அந்தப் பட்டியலில் சேரவில்லை. இந்த ஆய்விலும் குறை உண்டு: எண்ணிக்கை பெரிதில்லை, தோற்றத்தில் மனக்குறை இருந்து வந்தவர்களிடம் மட்டும் எடுத்தது. ஆனாலும் மேலே சொன்ன உடலியலோடு பொருந்துகிறது. புகை தோலின் எலாஸ்டினைச் சிதைக்கும் என்பது தனியே தெரிந்த விஷயம். மாதவிடாய் நின்ற பின் சுரப்பித் திசு சுருங்கிக் கொழுப்பு மிகுவதால், பிள்ளை பெறாதவர்களுக்கும் தளர்ச்சி வரும்.

பிராவைப் பற்றி இரண்டு கட்சி. 2013இல் பிரான்சின் பெசன்சோன் நகர மருத்துவமனைப் பேராசிரியர் ரூயோன், 18 முதல் 35 வயதுவரையான சுமார் 330 பெண்களைப் பல ஆண்டுகள் அளந்து, பிரா அணியாதவர்களுக்கே நிமிர்வு கூடியதாகச் சொன்னார். ‘பிரா பொய்’ என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. இது முதற்கட்ட முடிவு, எல்லாப் பெண்களுக்கும் பொருத்தாதீர்கள் என்று அவரே எச்சரித்தது தலைப்பில் வரவில்லை. பிரா போடாவிட்டால் தொங்கும் என்பதற்கும் உருப்படியான ஆதாரம் இல்லை. ஓடும்போது வலியைக் குறைக்கிறது. வசதியாக இருந்தால் போடுங்கள்.

தண்டால் எடுத்தால் பின்னால் இருக்கும் தசை வலுப்படும், மார்பகம் மேலே ஏறாது. நிமிர்த்தும் என்று விற்கிற எண்ணெயும் க்ரீமும் மேல்தோலை மிருதுவாக்கலாம். உள்ளே இருக்கும் நாரை இழுத்துக் கட்ட அவற்றால் முடியாது. அந்தப் பணத்தில் பழம் வாங்கிச் சாப்பிடலாம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்துக்குத்தான் தாய்ப்பால் மட்டும் கிடைத்தது. உடல்நிலையோ வேலையோ இடம் கொடுக்காதவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மார்பு தொங்கும் என்ற பயத்தில் ஒரு குழந்தைகூடத் தாய்ப்பாலை இழக்கக் கூடாது. கேள்வி கேட்ட தங்கைக்கு: கர்ப்பம் செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்துவிட்டது, பாலை நிறுத்தி அதை மாற்ற முடியாது. இன்னும் மூன்று மாதத்துக்குக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தயங்காமல் கொடுங்கள்.