மாறுங்காலத்து மனநிலை

அருப்புக்கோட்டையினின்றும் கிழக்கே திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும், ஆவணித் திங்களில் கரிசல் நிலம் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். கண்மாய்களில் நீரிராது. எனினும் இந்நாட்டு மானாவாரி உழவருட் பலர், மழை வருமுன்னரே சோளத்தையும் பருத்தியையும் புழுதியில் விதைத்துவிடுவர். நல்ல மழை பெய்து ஈரம் ஆழ இறங்கினாலன்றி முளையாதவாறு விதையைச் சற்று ஆழமாக இடுதல் இதன் நுட்பம். மேலோடு நனைக்கும் தூற்றலை நம்பி முளைத்துவிட்டால் பயிர் கருகிப்போம் அன்றோ? வேளாண் அறிஞரும் இவ்விதைப்பைத் தக்கதென்று ஏற்றுள்ளனர்.

நாம் அந்நிலத்தைச் சேர்ந்தோம். கல்லூரி விடுதிக்கு முதன்முதல் வந்த நாளில், இத்துணை மாணவர் நடுவே இருந்தும் நமக்கு உணவு இறங்கவில்லை. ஒரு திங்கள் வரையில், ஊருக்குத் திரும்பிவிடலாமா என்னும் எண்ணமே மிக்கிருந்தது. இதனை வெளியிற் சொல்ல நாணினோம். பின்னரே, அடுத்த அறையிலிருந்தாரும் அவ்வாறே நாணி மறைத்தனர் என்பது தெரிந்தது. கல்வி கற்க வருதல் நல்வாய்ப்பாயிற்றே, அதற்கு வருந்துவது எங்ஙனம் என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம்.

அமெரிக்க நாட்டு மருத்துவ அறிஞராகிய ஹோம்ஸ், ராகே என்னும் இருவர், 1967-ஆம் ஆண்டில், வாழ்வில் நேரும் மாற்றங்கள் 43-ஐத் தொகுத்து, ஒவ்வொன்றும் ஒருவரிடம் எவ்வளவு பொருந்துமுயற்சியை வேண்டுகின்றது என்பதற்கு எண் குறித்தனர். வாழ்க்கைத்துணையின் சாவு 100. நெருங்கிய உறவினர் சாவு 63. பள்ளி மாறுதல் 20. வீடு மாறுதலும் 20. வியப்பு யாதெனில், திருமணம் 50 பெறுகின்றது! துன்பமாயினும் இன்பமாயினும், பழகிய ஒழுங்கு குலைதலே உள்ளத்திற்குச் சுமை என்பது அவர் கருத்து. இவ்வெண்கள் எல்லா நாட்டார்க்கும் ஒருபடித்தாகப் பொருந்தும் என நாம் கொள்ளவில்லை. ஆயினும் பல மாறுதல்கள் ஒருங்கே வந்து விழுமாயின் சுமை கூடும் என்பது மறுக்கற்பாலதன்று.

அவ்வாறு ஒருங்கே விழுந்த குடும்பம் ஒன்று திருச்சுழியில் இருந்தது. திருமேனிநாதர் கோயிலின் அருகில் வாழ்ந்த சுந்தரமையர், மாதம் இரண்டு ரூபாய் ஊதியத்தில் கணக்கெழுதத் தொடங்கி, மனு எழுதுவோராகி, பின்னர் வழக்காடுவோராய் உயர்ந்தவர். விருந்தினர்க்கென்றே வீட்டில் ஒரு பகுதியை ஒதுக்கியவர். 1892-இல் அவர் இறந்தார். அவ்வொரு சாவால் வீடு இரண்டாயிற்று. மூத்த மைந்தன் நாகசாமியும், 12 வயதினனாகிய இரண்டாம் மைந்தன் வேங்கடராமனும் மதுரையில் சிறிய தந்தையார் இல்லஞ் சென்றனர். இளைய மைந்தனும் சிறு பெண்ணும் அன்னை அழகம்மையாருடன் மானாமதுரைக்குப் போயினர். கணவனையும், வாழ்ந்த ஊரையும், மக்களிருவர் அண்மையையும் அவ்வம்மையார் ஒரே ஆண்டில் இழந்தார்.

வேங்கடராமனே பின்னாளில் இரமண மகரிஷி எனப் புகழ்பெற்றவர். அவர் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியிற் பயின்றவர் என்பதனால், மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கும் ஒருவாற்றான் உறவினர். 1896-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவருக்குச் சாவச்சம் திடீரெனத் தோன்றியது. அவர் ஓடவில்லை, எவரையும் அழைக்கவுமில்லை. கால்களை நீட்டிப் பிணம்போற் படுத்து, சாவது யாது என்று தமக்குள்ளே ஆராய்ந்தார். ஆறு வாரங்கழித்து, ஆகஸ்டு 29-ஆம் நாள், பெயின் என்பாரது ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதும் தண்டனையை இடையில் விட்டெழுந்து, திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். (இலக்கணமே பாடமாகக் கொண்ட நமக்கு இச்செய்தி சிறிது நகை விளைக்கின்றது.) அவர் விட்டுச்சென்ற கடிதம் 'நான்' எனத் தொடங்கி, இடையில் 'இது' எனத் திரிந்து, கையொப்பமின்றி முடிகின்றது. தன்மை படர்க்கையாகி உயர்திணை அஃறிணையாயிற்று!

மைந்தர் நிலைத்த வழி அரியது. அது நம்மனோர்க்கு எளிதிற் கைகூடுவதன்று. நம் உள்ளம் அன்னையாரையே நாடுகின்றது. சாவச்சத்தை ஒரு பகலில் ஆராய்ந்து முடித்தவர் மகன். அன்னையாரோ தம் இழப்பை ஆண்டுக்கணக்கிற் சுமந்தார். மகன் இருக்குமிடம் தெரிந்ததும், 1898-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூத்த மைந்தனுடன் பவளக்குன்று சென்றார். நாள்தோறும் தின்பண்டங் கொண்டுபோய்க் கெஞ்சினார், அழுதார், சினந்தார். மகன் பேசவில்லை. வருவது வந்தே தீரும் என்னும் கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததன்றி வேறு மறுமொழியில்லை. வெறுங்கையுடன் திரும்பினார். 1900-இல் மூத்த மைந்தனும் இறந்தான்.

அழாதிருத்தலே மனவுறுதி எனச் சிலர் எண்ணுகின்றனர். மாணவரிடை இவ்வெண்ணம் மிகுதி. அழகம்மையார் மறைக்காது அழுதவர், வேண்டியதை வாய்விட்டுக் கேட்டவர். ஆயினும் மானாமதுரையில் வளர்க்க வேண்டிய இரு குழந்தைகள் இருந்தனர், அவர்களை வளர்த்தார். மகனுடனான தொடர்பையும் அறுக்கவில்லை. இடையிடையே சென்று கண்டார். 1914-இல் அவ்வாறு சென்றவிடத்துக் கடுங்காய்ச்சலுற்றபோது, அன்று பேசாதிருந்த மகனே அருகிருந்து பணிவிடை செய்தார். ஆழ விதைத்தது முளைக்க ஆண்டுகள் சென்றன.

1916-இல் அவர் திருவண்ணாமலைக்கே வந்து தங்கினார். அதுகாறும் அங்கிருந்தார் ஊருக்குட் சென்று இரந்து வந்த உணவையே பகிர்ந்துண்டனர். அம்மையார் அங்கே அடுப்பு மூட்டினார். திருச்சுழியில் வந்தாரையெல்லாம் உண்பித்த கை, கந்தாசிரமத்திலும் உண்பித்தது. 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், மகன் கை தம் தலைமீதும் நெஞ்சின்மீதும் இருக்க, அவர் உயிர் நீங்கிற்று. திருச்சுழி வீடு இன்று சுந்தர மந்திரம் என்னும் பெயருடன் நிற்கின்றது. விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் பார்த்து வரலாம்.