கையேட்டில் இல்லாத பத்துக் கட்டளைகள்

ஐப்பசித் தேருக்குக் கல்பாத்தி வந்த பேரன், பரணில் கிடந்த என் பழைய 8085 மைக்ரோபிராசசர் பயிற்சிப் பெட்டியை இறக்கினான். தன் கணினியிலுள்ள அசெம்பிளரில் அதற்குப் புரோகிராம் எழுத உட்கார்ந்தவன், "தாத்தா, இரண்டு 16 பிட் எண்களைக் கழிக்க ஒரே கட்டளை கிடையாதா?" என்றான். "இருக்குடா, புஸ்தகத்தில்தான் இல்லை" என்றேன்.

இன்டெல் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 8085 சிப்பில், கையேட்டில் சொல்லாத பத்துக் கட்டளைகள் உண்டு. அதைக் கையாண்டவர்களே அவற்றைக் கண்டறிந்து, 1979-இல் ஒரு மின்னணுவியல் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று 'டிசப்'. எச்எல் ஜோடியிலிருந்து பிசி ஜோடியைக் கழிப்பது அதன் வேலை. கையேட்டின்படி இதற்கு ஆறு கட்டளைகள், 24 கடிகாரத் துடிப்புகள் வேண்டும். டிசப்புக்கு ஒரே பைட், 10 துடிப்புகள் போதும்.

ஆனால் சிப்புக்குத் தெரிந்த இந்தச் சொல் அசெம்பிளருக்குத் தெரியாது. அகராதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'மொளகூட்டல்' என்றால் நம் வீடுகளில் புரிகிறதல்லவா? அதுபோலத்தான். அசெம்பிளர் என்பது முக்கியமாக, பெயரை எண்ணாக மாற்றும் ஓர் அட்டவணை. அதற்குப் புதுச் சொல் கற்பிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி மேக்ரோ. டிசப் என்ற பெயரில் மேக்ரோ அமைத்து, உள்ளே 'டிபி 08எச்' என்று எழுதினால் போதும். பிறகு டிசப் என்று எழுதும் இடமெல்லாம் 08 என்ற எண் வந்து அமரும்.

இரண்டாவது வழி, அசெம்பிளரின் மூலப் புரோகிராம் கையிலிருந்தால், அட்டவணையிலேயே ஒரு வரி சேர்ப்பது. பெயர், எண், நீளம் மூன்றும் வேண்டும். நீளத்தில் கவனம் தேவை. பல அசெம்பிளர்கள் முதல் சுற்றில் முகவரிகளைக் கணக்கிட்டு, இரண்டாம் சுற்றில் எண்களை எழுதுகின்றன. 'எல்டிஎச்ஐ' என்ற கட்டளை (28எச்) 2 பைட். அதை 1 என்று குறித்துவிட்டால், பின்னால் வரும் லேபிள்கள் எல்லாம் ஒரு பைட் பிசகும். சிப் தவறான இடத்துக்குத் தாவும். ரயில் பாதையில் ஒரு கிலோமீட்டர் கல்லைத் தப்பாக நட்டு, அதிலிருந்தே மற்றவற்றையும் அளந்த கதைதான்.

ஓர் எச்சரிக்கை. கையேட்டில் இல்லாததற்கு உத்தரவாதமும் இல்லை. முந்தைய 8080 சிப்பில் 08 எதுவும் செய்யாது. பிழையும் காட்டாது, விடை மட்டும் தப்பாகும். ஆகவே இவற்றைப் பயன்படுத்துகிற இடத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். எந்தச் சிப்பில் ஓடப் போகிறதோ அதிலேயே சோதியுங்கள்.

பேரன் எச்எல்-இல் 1000எச், பிசி-இல் 0001எச் வைத்து ஓட்டினான். 0எஃப்எஃப்எஃப் என்று சரியாக வந்தது. "மீதி ஒன்பது என்ன தாத்தா?" என்று கேட்டான். அன்று பகல் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.