அறிதுயிலும் மூன்றாம் அடுக்கும்

விளையாட்டு விழா என்றாலே நம் பள்ளியில் நினைவுக்கு வருவது எது? அணிவகுப்பா? ஓட்டப் பந்தயமா? இல்லை, இல்லை! வண்ணக் காகிதக் குஞ்சங்களைக் கையில் ஏந்தி உற்சாக அணியினர் ஆடி, ஆர்ப்பரித்து, முடிவில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்கும் மூன்றடுக்குக் கோபுரந்தான். பார்ப்பவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. மேலே ஏறுகிறவளுக்கோ அது வேறு!

சென்ற ஆண்டு ஒத்திகையில் எங்கள் நீல இல்லத் தோழி ஒருத்தி மூன்றாம் அடுக்கிலிருந்து சறுக்கி விழுந்தாள். கீழே மெத்தை இருந்தபடியால் மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று. சில நாளில் கை ஆறிவிட்டது. கால்தான் ஏற மறுத்தது. இரண்டாம் அடுக்கில் கால் வைத்ததும் உடல் விறைத்துவிடும். அவள் விழுந்த நேரத்தில் நெமிலிச்சேரி நிலையத்தருகே மின்சார ரயில் ஊதிற்று. அதன் பிறகு வகுப்பறையில் அந்த ஊதல் கேட்டாலும் அவள் முகம் வெளுத்துவிடும். “மனோவசியம் செய்தால் சரியாகிவிடும்” என்று ஒருத்தி கேலியாகச் சொல்லப்போக, அது என்னதான் என்று அறிய நாங்கள் நூலகத்துக்குப் போனோம்.

உற்சாக அணி அமெரிக்காவில் பிறந்தது. 1898-இல் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்தாட்டத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கமிட்டதே தொடக்கம் என்பர். முதலில் ஆண்கள்தாம், 1923-இல்தான் அங்கே பெண்கள் சேர்ந்தனர். நம் நாட்டில் பலர் இதை அறிந்தது 2008-இல், ஐ.பி.எல். கிரிக்கெட்டின்போது. மனிதக் கோபுரமோ நமக்குப் புதிதன்று. உறியடித் திருநாளில் 2012-இல் தானே நகரில் ஒன்பது அடுக்கு ஏறினார்கள். எங்கள் மூன்றடுக்கு எம்மாத்திரம்!

இனி மனோவசியத்துக்கு வருவோம். திரைப்படத்தில் கடிகாரத்தை ஆட்டுவார்களே, கண் சொருகிய பெண் சொன்னபடியெல்லாம் நடப்பாளே, அதை மறந்துவிடுங்கள். அறிதுயில் என்ற சொல்லே பொருளைச் சொல்கிறது. அறிவு விழித்திருக்கும் துயில் அது. கவனம் ஒன்றில் ஆழ்ந்து குவிகிறது, உடல் தளர்கிறது, அந்நேரத்தில் சொல்லப்படும் கருத்தை மனம் எளிதில் ஏற்கிறது. தனக்கு உடன்பாடில்லாததை அவள் மறுக்கலாம். விரும்பினால் எழுந்து போகலாம்.

கருத்து உடலை அசைக்குமா? கண்ணை மூடிக்கொண்டு, பள்ளி வாசலில் விற்கும் கிளிமூக்கு மாங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக் கையில் தருகிறார்கள். நாவில் நீர் ஊறுகிறதா? மாங்காய் எங்கே இருக்கிறது?

இந்த உண்மையை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முன்னோடி ஓர் இந்தியர், அதிலும் ஒரு குருவானவர் என்று படித்தபோது நாங்கள் துள்ளிக் குதித்தோம். நூலகத்தில் துள்ளியதற்குத் திட்டும் வாங்கினோம். கோவாவின் கண்டோலிமில் 1756-இல் பிறந்த ஜோசே குஸ்தோதியோ தெ ஃபரியா அவர். உரோமையில் படித்துக் குருவானார். லிஸ்பனில் அரசியின் முன் மறையுரை ஆற்ற ஏறியவர், சபையைக் கண்டு நாவெழாமல் நின்றுவிட்டாராம். கீழே இருந்த தந்தை கொங்கணி மொழியில், இவர்களெல்லாம் வெறும் காய்கறி, நறுக்கித் தள்ளு என்று மெல்லச் சொன்னாராம். உடனே தடை நீங்கிப் பேச்சு மடை திறந்தது என்று கோவாவில் இன்றும் கதை சொல்வார்கள். ஒரு சொல் எப்படி அச்சத்தை அவிழ்த்தது என்று அவர் வாழ்நாளெல்லாம் யோசித்திருப்பார் போலும்!

அக்காலத்தில் மெஸ்மர் என்ற மருத்துவர், கண்ணுக்குப் புலப்படாத ஒரு காந்தத் திரவம் வசியம் செய்பவரிடமிருந்து பாய்கிறது என்று கூறியிருந்தார். 1813 முதல் பாரிசில் செய்து காட்டிய ஃபரியா, திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, ஆற்றல் துயில்பவரின் மனத்திலேயே இருக்கிறது என்றார். ஏளனம்தான் கிடைத்தது, 1819-இல் மறைந்தார். பின்னர் 1843-இல் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தம் நூலில் இதை ‘ஹிப்னாட்டிசம்’ என்ற பெயரோடு விளக்கினார். பணஜியில் ஃபரியாவின் சிலை இருக்கிறது.

எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கவில்லை. தோழியின் தாயாரிடம் பேசினார். தாயார் அவளைத் தகுதி பெற்ற உளவியலாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அங்கே நடந்ததைத் தோழியே எங்களுக்குச் சொன்னாள். மூச்சை எண்ணச் சொன்னார்களாம். தோள், கை, கால் ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னார்களாம். பிறகு கோபுரத்தை மனக்கண்ணால் காணச் செய்தார்கள், முதலில் தரையிலிருந்து, பிறகு முதல் அடுக்கிலிருந்து. படபடத்தால் ஒரு படி இறங்கி, அமைதியானபின் மீண்டும் ஏற்றம். ரயில் ஊதலையும் அந்த அமைதியிலேயே கேட்கச் சொன்னார்கள். “விழமாட்டேன்” என்று சொல்லிக்கொள்ளக் கூடாதாம்! அச்சொல்லே விழுவதைப் படமாக்கிவிடும். “என் பாதம் தோளில் ஊன்றியிருக்கிறது” என்பதே அவளுக்குக் கொடுத்த வாக்கியம்.

எல்லாருக்கும் இது ஒரேபோல் பலிப்பதில்லை. சிலர் எளிதில் ஆழ்வர், சிலர் ஆழ்வதேயில்லை. பயிற்சிக்கும் மெத்தைக்கும் கீழே நிற்கும் தோழியரின் கைகளுக்கும் இது ஈடாகாது. தோழியரே, மதிய இடைவேளையில் ஒருவரையொருவர் வசியம் செய்து பார்க்கப் புறப்பட்டுவிடாதீர்கள்!

இன்னொன்றையும் நாங்கள் விவாதித்தோம். அச்சம் எப்போதும் பகையா? 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், அந்தரத்தில் உடல் எப்பக்கம் திரும்புகிறது என்ற உணர்வு தவறியதால், சிமோன் பைல்ஸ் பல போட்டிகளிலிருந்து விலகினார். கோழை என்றவர்களும் உண்டு. 2024-இல் பாரிசில் மூன்று தங்கம் வென்றார். அவர் அன்று ஏறாமல் நின்றது சரி என்றே நாங்கள் எண்ணுகிறோம். அதனால் எங்கள் தோழியை “ஏறு, ஏறு” என்று நாங்கள் முழங்குவதை விட்டுவிட்டோம்.

இதை எழுதும்போது அவள் இரண்டாம் அடுக்கில் முப்பது எண்ணும்வரை நிற்கிறாள். நேற்று இருபத்திரண்டு எண்ணியபோது ரயில் ஊதிற்று. நாங்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தோம். கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, “எண்ணுங்களடி, ஏன் நிறுத்தினீர்கள்?” என்றாள்.