சேலத்துச் சிங்கம்
4. நூறு ரூபாய்த் தீர்ப்பு

பொன்விளைந்த களத்தூரில் 1852-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் பட்டம் பெற்று, மங்களூரிலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சட்ட நூல்களைத் தாமே பயின்று 1881-இல் சேலத்தில் வக்கீல் தொழிலை மேற்கொண்ட விஜயராகவாச்சாரியாரின் இளமை வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். தொழிலில் அவர் காலூன்றிய மறு வருஷமே பெரும் சோதனை வந்தது.

1882 ஆகஸ்டு மாதத்தில், செவ்வாய்ப்பேட்டைப் பள்ளிவாசலை முன்னிட்டுச் சேலத்து இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலகத்தில் உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் நேர்ந்தன. நகரசபை அங்கத்தினராகவும் வளர்ந்துவரும் வக்கீலாகவும் விளங்கிய ஆச்சாரியாரே கலகத்தைத் தூண்டியவர் என்று குற்றம் சாட்டிய அதிகாரிகள், முப்பது வயது இளைஞரான அவருக்குப் பத்து வருஷச் சிக்ஷை கிடைக்கும்படி செய்தனர். வழக்கு ஹைகோர்ட்டுக்குச் சென்றது. எர்ட்லி நார்ட்டன் என்ற புகழ்பெற்ற பாரிஸ்டர் வாதாட, ஆச்சாரியார் நிரபராதி என விடுதலையானார்.

விடுதலை கிடைத்ததே பாக்கியம் என்று வேறொருவர் ஒதுங்கியிருப்பார். ஆச்சாரியாரோ, தம்முடன் தண்டனை பெற்று அந்தமானில் வாடிய மற்றவர்களுக்காக வைசிராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார். அத்துடன், கலகத்தைக் காரணமாகக் காட்டித் தம்மை நகரசபையினின்று நீக்கிய சர்க்கார் உத்தரவு சட்ட விரோதமானது என்று, இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். 1884-இல் ஹைகோர்ட் அவருடைய நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்து, நஷ்ட ஈடாக நூறு ரூபாயும் விதித்தது.

தொகை அற்பமே, ஆனால் அதனுள் அடங்கிய தத்துவம் அற்பமன்று. ஸ்தல சுயாட்சியை வளர்க்க வேண்டுமென்று ரிப்பன் பிரபு தீர்மானம் வெளியிட்டதும் அதே 1882-ஆம் வருஷத்தில்தான். அத்தகைய சுயாட்சி, அதிகாரிகளின் தயவில் நிற்குமா, சட்டத்தின் பலத்தில் நிற்குமா என்ற கேள்விக்கு, ஜில்லாத் தலைநகர் ஒன்றின் வக்கீல் நியாயஸ்தலத்திலிருந்து விடை பெற்றுத் தந்தார். சட்டம் அளித்த அதிகாரத்தின் எல்லைக்குள்ளேதான் சர்க்காரும் நடக்க வேண்டும் என்பதும், அவ்வெல்லையை மீறினால் சாமானியப் பிரஜைக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் அவ்வழக்கின் சாரம். பேச்சு மேடைகளில் பலரும் முழங்கிய உரிமையை, அவர் பத்திரமாகவும் சாட்சியமாகவும் வாதமாகவும் மாற்றி வென்றார் என்பதே அவருடைய தனிப் பெருமை என்று நான் கருதுகிறேன்.

பிற்காலத்தில் 1920-ஆம் வருஷ நாகபுரிக் காங்கிரஸின் அக்கிராசனராக அவரைத் தேசம் உயர்த்திற்று. அவ்வுயர்வுக்குரிய தகுதி இவ்வழக்கிலேயே தெரிகிறது. 1892-ஆம் வருஷத்துச் சட்டம், சட்டசபை அங்கத்தினர் சர்க்காரைக் கேள்வி கேட்கலாம் என்று வழிவிட்டது. நியாயஸ்தலத்தில் சர்க்காரைப் பதில் சொல்ல வைத்த அதே மனிதர், 1895-இல் சென்னைச் சட்டசபையில் நுழைந்து அவ்வுரிமையை ஆண்ட விதத்தை அடுத்த வாரம் காண்போம்.