கம்ப்யூட்டர் உருட்டும் பகடை கள்ளாட்டம் ஆடுகிறதா?

ஆடித் தபசுக்கு சங்கரன்கோவில் போயிருந்தபோது வீட்டில் ஒரு வழக்கு காத்திருந்தது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் லூடோ கேம் ஆடிப் பழகிய ஆச்சி, "ஏல, இந்தப் பொட்டி அழுகுணி ஆட்டம் ஆடுது. எனக்கு ஆறு விழவே மாட்டேங்கு, அதுக்கு மட்டும் கேட்டப்பல்லாம் விழுது. இதை அழிச்சுப் போடு" என்றார். அழிக்கக் கூடாது என்று தம்பி அடம் பிடித்தான். சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் தீர்ப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் ஒரு விஷயம். கம்ப்யூட்டர் பகடை எதையும் உருட்டுவதில்லை, கணக்குப் போடுகிறது. 'சீட்' எனப்படும் ஒரு தொடக்க எண்ணை வைத்து, அதிலிருந்து அடுத்தடுத்த எண்களை உருவாக்குகிறது. அதே சீட்டைக் கொடுத்தால் அதே வரிசைதான் மீண்டும் வரும். அதனால் பல புரோகிராம்கள் கம்ப்யூட்டர் கடிகாரத்தின் நேரத்தைச் சீட்டாக எடுத்துக்கொள்கின்றன. இதிலும் ஆபத்து உண்டு. 1999-ல் இன்டர்நெட் போக்கர் சாப்ட்வேர் ஒன்று, நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி செகண்டுகளைச் சீட்டாக வைத்துச் சீட்டுக்கட்டைக் கலைத்தது. ஒரு நாளில் இருப்பதே 8 கோடியே 64 லட்சம் மில்லி செகண்டுகள்தான். அமெரிக்க புரோகிராமர்கள் சிலர் இதைக் கண்டுபிடித்து, எதிராளியின் கையில் இருக்கும் சீட்டுகளைச் சொல்லிக் காட்டினார்கள்.

எங்கள் வழக்குக்கு வருவோம். எக்ஸெலில் இரண்டு காலம் போட்டேன். ஒன்றில் ஆச்சிக்கு விழுந்தவை, மற்றதில் கம்ப்யூட்டருக்கு விழுந்தவை. இப்படிப் பிரிப்பது முக்கியம். மொத்தமாக எண்ணினால் ஒருதலைப்பட்சம் தெரியாது. நான்கு நாள் ஆட்டத்தில் ஆளுக்கு 300 எண்கள் சேர்ந்தன. 'கவுண்ட்இஃப்' பார்முலா ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் கொடுத்துவிடும்.

300 முறையில் ஆறு சராசரியாக 50 முறை வர வேண்டும். சரியாக 50 வராது. 37 முதல் 63 வரை வந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆச்சிக்கு 43, கம்ப்யூட்டருக்கு 45. மற்ற எண்களும் எல்லைக்குள்தான் இருந்தன.

ஆச்சிக்கு ஏன் அப்படித் தோன்றியது? தொடர்ந்து பத்து முறை உருட்டியும் ஒரு ஆறுகூட விழாமல் போக 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது. காய் இறக்கக் காத்திருக்கும்போது அப்படி நடந்தால் அதுதான் மனதில் நிற்கும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாகவே கொடுத்துக்கொண்டிருக்கும் கேமும் இந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். அதனால் ஆறுக்கு அடுத்து என்ன வந்தது என்றும் பார்த்தேன். 88 ஆறுகளில் 15-க்குப் பிறகு மீண்டும் ஆறு. ஆறில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு அது சரிதான். ஆனால் உங்கள் காயை வெட்ட வேண்டிய நேரத்தில் மட்டும் எண்ணை மாற்றும் கேமை இது பிடிக்காது. அதற்கு 'வெட்டு வாய்ப்பு' என்று இன்னொரு காலம் போட வேண்டும். மிகச் சிறிய ஓரவஞ்சனையைப் பிடிக்க 600 எண்களும் போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும்.

உண்மைப் பகடை மட்டும் யோக்கியமா? 1894-ல் வெல்டன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 12 பகடைகளை 26,306 முறை உருட்டி எழுதி வைத்தார். ஐந்தும் ஆறும் இருக்க வேண்டியதைவிடச் சற்று அதிகமாக விழுந்திருந்தன. அந்தக் கணக்கை 1900-ல் கார்ல் பியர்சன் தன் கை-ஸ்கொயர் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

இதைச் சொன்னதும் ஆச்சியின் பித்தளைத் தாயக்கட்டையைத் தம்பி எடுத்து வந்தான். ஒரு கட்டையை மட்டும் 160 முறை உருட்டினோம். நான்கு பக்கமும் தலா 40 வர வேண்டும். 51 வரை போகலாம். மூன்று புள்ளி உள்ள பக்கம் 58 முறை விழுந்தது. தாயக்கட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட ஆச்சி, "லூடோ இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.